கத்திக்கு ஏற்ற எஃகு யாது? உருக்கின் வரலாற்றினின்று ஒரு விடை

இரும்பு, எஃகு, உருக்கு என்னும் மூன்று சொற்களையும் ஒரே பொருள் குறித்தனவாக நம்முள் பலர் வழங்கி வருகின்றனர். பட்டடையில் நிற்பவர் அவ்வாறு வழங்கார். வளைந்து கொடுப்பது அவர்க்கு இரும்பு. வாய் பிடித்து வெட்டுவது எஃகு. மூசையில் உருகிக் கட்டியாக வந்தது உருக்கு. சங்கநூல்களில் எஃகு என்னும் சொல் வேலையும் பிற படைக்கலங்களையும் கூர்மையையும் குறித்து வருதலை நோக்கின், அப்பொருள் செய்யும் தொழிலே அச்சொல்லுள் முற்பட்டு நின்றமை விளங்கும். உருக்கு என்பதோ செய்முறையாற் பெற்ற பெயர். கன்னடரும் தெலுங்கரும் இதனை உக்கு என்பர். அவ்வுக்கே ஆங்கிலேயர் ஏட்டில் ஊட்ஸ் எனத் திரிந்து உலகெங்கும் பரவியது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர்க்கும் ஒப்ப முடிந்தது.

நல்ல கத்தி ஒன்றுக்கு எவ்வெஃகு நல்லது என்னும் வினா நம் அடுக்களையிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் எழுவது. நம் சங்கக் கூட்டங்களிலோ அவ்வினா வேறு உருக்கொண்டு எழுகின்றது. கொல்லர் மரபினராகிய நம் முன்னோர் கண்ட உருக்கே உலகத்து எஃகுகளுள் தலையாயது என்றும், அதன் மறைபொருளை வெள்ளையர் கவர்ந்து சென்றமையால் தொழில் அழிந்தது என்றும், இன்று அங்காடியில் விற்கும் எதுவும் அதற்கு ஈடாகாது என்றும் மேடையேறினோர் முழங்கக் கேட்கின்றோம். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆயினும் இப்பேச்சினுள் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாது நம் பிள்ளைகட்குச் சொல்லி வைப்பின், நாளை அவர்கள் நூல் கற்று மிகையைக் கண்டபோது மெய்யையும் சேர்த்தே தள்ளிவிடுவர். ஆதலின் வரலாறு யாது கூறுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கத்தியின் வாய் வேண்டுவன யாவை என்று பார்த்தல் வேண்டும். அது கூர் ஏற்க வேண்டும். ஏற்ற கூரை நெடுநேரம் காக்க வேண்டும். எலும்பிலோ கணுவிலோ பட்டால் தெறியாதிருக்க வேண்டும். நான்காவதாகத் துருவேறாதிருந்தால் நம் மகளிர்க்கு மகிழ்ச்சி. இடர்ப்பாடு என்னவெனில் இவை ஒன்றற்கொன்று பகை. கடினம் மிகுந்தால் கூர் நிற்கும். ஆனால் வாய் தெறிக்கும். தெறியாமைக்காக மென்மையாக்கினால் வாய் மடங்கும்.

இரும்பை எஃகாக்குவது அதனுள் ஏறும் கரி. நூறு பங்கு இரும்பில் கரி கால்பங்குக்குக் குறைந்து நின்றால், எவ்வளவு காய்ச்சி நீரில் தோய்த்தாலும் வெட்டும் வாய்க்கு வேண்டிய கடினம் ஏறாது. ஆணிக்கும் வண்டிச் சக்கரப் பட்டைக்கும் அது போதும். அரைப்பங்கைக் கடந்தால் அரிவாளும் கோடரியும் ஆகும். முக்காற்பங்கு முதல் ஒன்றேகாற்பங்கு வரை மெல்லிய கத்தியும் உளியும் சவரக்கத்தியும் ஆகும். நம் நாட்டு உருக்கில் கரி பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு பங்கிற்குட்பட்டு, ஒன்றரையை ஒட்டி நின்றது. மூன்று நான்கு பங்காயின் வார்ப்பிரும்பு. சம்மட்டி பட்டால் உடைந்து போகும். ஆகவே நம் உருக்கு, எஃகு என்னும் நாட்டின் எல்லையோரத்தே நின்ற பொருள் எனலாம். அதன் பெருமையும் அதன் தொல்லையும் அங்கேதான் பிறந்தன.

தொன்மையைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ஆம் ஆண்டு தொடங்கி அகழ்ந்தபோது இரும்புத் தொழில் நடந்த உலைகள் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காட்டைச் சார்ந்த மேல்சிறுவளூரில், உருக்கு வார்த்து உடைத்தெறிந்த மூசை ஓடுகள் குவியலாகக் கிடந்தமையை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் கண்டு வெளியிட்டார். இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைகளுக்குச் சென்றதைச் சற்றேறக்குறைய 1900 ஆண்டுகட்கு முன் எழுந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிநூல் குறிக்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி என்னும் அரபுப் பேரறிஞர் வாள்களைப் பற்றியே தனிநூல் ஒன்று இயற்றினார். கோல்கொண்டா நாட்டு உருக்குக் கட்டிகள் பாரசீகம் சென்றதைத் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரத்தில் உருக்கு வார்க்கும் ஊருக்கே பாரசீக வணிகர் வந்திருந்து கட்டிகளை நிறுத்து வாங்கியதை வாய்சி என்னும் மருத்துவர் எழுதிய குறிப்பு 1832-இல் அச்சேறியது. தமாஸ்கஸ் வாள் என்று பாட்டிலும் கதையிலும் புகழ்பெற்றவற்றுள் சிறந்தன இத்தகைய கட்டிகளினின்றே அடிக்கப்பெற்றன.

இனி லண்டன் மாநகர்க்குச் செல்வோம். நல்ல கத்திக்கு நல்ல எஃகு எது என்னும் வினா ஓர் ஆராய்ச்சி வினாவாக எழுந்து சோதனைக்கு உட்பட்ட இடம் அதுவே.

பம்பாயிலிருந்த ஹெலினஸ் ஸ்காட் என்னும் மருத்துவர், 1794-ஆம் ஆண்டில், லண்டன் ராயல் சங்கத் தலைவராகிய ஸர் ஜோசப் பேங்ஸ் என்பார்க்கு ஊட்ஸ் கட்டிகள் சிலவற்றை அனுப்பி ஒரு கடிதமும் எழுதினார். தாம் அறிந்த எப்பொருளினும் மிகுந்த கடினம் இதற்கு ஏறுகின்றது என்றும், இரும்பையே கடைவதற்கும், கல் கொத்தும் உளிக்கும், அரத்திற்கும், வாளரத்திற்கும் இந்நாட்டார் இதனைப் பயன்படுத்துகின்றனர் என்றும் அதில் கூறினார். அத்துடன், மெல்லிய செந்நிறத்திற்கு மேற்பட்ட சூட்டை இது தாங்காது, ஆதலின் இதனை அடித்து உருவாக்குதல் நெடுநேரம் பிடிக்கும் வேலை என்றும் எழுதினார். அன்பர்கள் இக்குறிப்பை மனத்தில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

பேங்ஸ் கட்டிகளை இருவரிடம் கொடுத்தார். ஜார்ஜ் பியர்சன் என்னும் வேதிநூல் வல்லார் அவற்றை ஆராய்ந்து 1795-இல் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். பம்பாயில் செய்யும் எஃகு எனத் தலைப்பிலேயே எழுதினார். பம்பாய் அதற்குக் கப்பலேறிய துறையேயன்றிப் பிறந்தகம் அன்று. மற்றொருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர். அறுவை மருத்துவர்க்கு வேண்டும் கருவிகள் செய்வதில் பெயர்பெற்றவர். அவர் அக்கட்டியினின்றும் ஒரு பேனாக்கத்தி அடித்தார். அடித்தல் கடினமாயிருந்தது, ஆயின் வாய் பிடித்தபோது அதன் கூர் அவரை வியப்பித்தது. பல ஆண்டுகள் ஐரோப்பிய எஃகுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னர், அவற்றுள் சிறந்ததனினும் இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுத்தார். ஐரோப்பாவின் எஃகு முழுவதும் வாயிலில் வந்து நிற்கும் லண்டன் மாநகரில், தம் பிழைப்பையே பணயமாக வைத்த ஒருவர் இவ்வாறு அச்சிட்டார் என்றால், நம் மேடைப் பேச்சின் மெய்ப்பகுதிக்கு அவ்வட்டை ஒன்றே போதிய சான்றாகும்.

அவர் விரும்பியதன் காரணம் யாது? அக்காலத்து ஐரோப்பியர் எஃகு செய்த வழக்கமான முறை, இரும்புப் பட்டைகளைக் கரித்தூளில் புதைத்துப் பல நாள் சூட்டில் வைப்பதாகும். கரி புறத்தில் மிகுந்தும் அகத்தில் குறைந்தும் ஏறும். இரும்பினுள் அகப்பட்ட கசடும் வெளியேறாது. அத்தகைய எஃகில் சவரக்கத்தி அடித்தால் வாயின் ஓரிடம் கூராகவும் ஓரிடம் மொண்ணையாகவும் நிற்கும். கடிகாரச் சுருள்வில் செய்துவந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பார் 1740-களில் ஷெபீல்டு அருகே அவ்வெஃகை மீண்டும் மூசையிலிட்டு உருக்கினார். உருகியபோது கசடு மேலே மிதந்தது. கரி எங்கும் சமமாகப் பரவியது. ஐரோப்பாவில் அப்போதுதான் சீரான எஃகு கிடைத்தது. ஷெபீல்டு கத்திக்காரர்களோ அது மிகக் கடினமாயிருக்கின்றது என்று முதலில் தொட மறுத்தனராம். உருகிச் சீராதல் என்னும் அந்நன்மையே நம் நாட்டு மூசையில் பல நூற்றாண்டு முன்னரே கைகூடியிருந்தது.

அம்மூசையின் செய்முறையை எழுதிவைத்தோருள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் குறிப்பிடத்தக்கவர். சென்னைக் கும்பினி உத்தியோகத்திலிருந்து விலகி, பரங்கிப்பேட்டையில் 1830-ஐ ஒட்டி இரும்பாலை நிறுவியவர் அவர். அவர் 1839-இல் வெளியிட்டதன் சாரம் வருமாறு. ஆளுயரமும் இல்லாத மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, காந்தக் கல்லைக் கரியோடு எரித்து இரும்பு எடுப்பர். அவ்விரும்பை அடித்துக் கசடு போக்கிச் சிறு துண்டுகளாக நறுக்குவர். தீத்தாங்கும் களிமண்ணோடு கருக்கிய நெல்லுமியை மிகுதியாகக் கலந்து மூசை வனைவர். இரும்புத் துண்டுகளுடன், எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவாரை விறகை உலர்த்தி நறுக்கி நெருங்க அடைப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டு இட்டு மூடுவர். எருக்குக் கிடைக்காத இடத்து வேறொரு கொடியின் இலை. பின்னர்ப் பிசைந்த களிமண்ணால் வாயைக் காற்றுப் புகாது அடைத்துவிடுவர். மண் உலர்ந்தபின் 20 முதல் 24 மூசைகளை உலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். உலை ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் கட்டி கிடக்கும். அதன் மேன்முகத்தில் நடுவினின்று கதிர் விரிந்தாற்போல் கோடுகள் ஓடின் நன்றாக உருகியது என்றும், தேன்கூடு போலத் துளைபட்டிருப்பின் உருக்கம் போதவில்லை என்றும் அறிவர்.

இதில் ஹீத் வியந்த இடம் ஒன்றுண்டு. இரும்பைக் கரிப்பொருளோடு மூசையில் உருக்கி நேரே எஃகாக்குதற்கு டேவிட் மஷெட் என்பார் 1800-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கரி கலந்த வாயுவினால் இரும்பை எஃகாக்குதற்கு மகின்டாஷ் என்பார் பின்னர் வேறொரு காப்புரிமை பெற்றார். விறகுத் துண்டு முன்னதன் வேலையையும், அடைபட்ட மூசையில் வெந்த பச்சிலை பின்னதன் வேலையையும் செய்ய, இரண்டும் ஓர் உமிமண் மூசைக்குள் முன்னரே நடந்துகொண்டிருந்தன என்று அவர் காட்டினார். எருக்கிலையை மந்திரம் என்று எண்ணுவார் நம்முள் இன்றும் உளர். அது மந்திரம் அன்று. கரி ஏற்றும் வாயு தந்தது. அவ்வாறு அறிவதனால் இலையிட்டவர் அறிவு நம் கண்ணில் உயருமேயன்றித் தாழாது.

கட்டி கைக்கு வந்ததனால் கத்தி வந்துவிடாது. முன்னர் மனத்தில் இருத்தச் சொன்ன குறிப்பு ஈண்டு வேண்டப்படும். ஒன்றரைப் பங்கு கரியுடைய பொருளை, சாதாரண இரும்பைக் காய்ச்சும் வெண்சூட்டிற்குக் கொண்டுபோய்ச் சம்மட்டியால் அடித்தால் அது மண்ணாங்கட்டிபோல் சிதறும். ஐரோப்பியக் கொல்லர் பலர்க்கு நேர்ந்தது அதுவே. கட்டியைக் குற்றம் கூறி எறிந்தோர் பலர். நம் நாட்டிலோ, கட்டியை உருகுநிலைக்குச் சற்றே கீழ்ப்பட்ட சூட்டில் கரித்தீயில் பல மணி நேரம் புரட்டிப் புரட்டி வைத்து, மிகுந்த கரியைச் சிறிது கழித்து, வன்மை தணித்த பின்னரே பட்டடைக்குக் கொண்டுவந்தனர். அடிக்கும்போதும் செந்நிறத்தைக் கடவாது பலமுறை காய்ச்சிச் சிறுகச் சிறுக நீட்டினர். லண்டனுக்குப் போனவை கட்டிகள். கட்டியைப் பதப்படுத்தி அடிக்கத் தெரிந்த கைகள் உடன்போகவில்லை. தீயை அடக்கிப் பிடித்த ஸ்டோடார்ட் வென்றார், அடக்காதவர் தோற்றனர். ஒரே கட்டிதான், பட்டடைதான் வேறு.

ஸ்டோடார்ட் அதனோடு அமையவில்லை. இவ்வியல்பு எதனால் வந்தது என அறிய விரும்பி மைக்கேல் பாரடே என்னும் இளைஞரை நாடினார். மின்னியலின் தந்தையெனப் பின்னாளில் போற்றப்பெற்ற அப்பெரியார் ஒரு கொல்லர் மகன் என்பது நம்மவர் நினைவிற்கொள்ளத் தக்கது. அவர் 1819-இல் ஊட்ஸைப் பகுத்து ஆராய்ந்து, களிமண்ணின் சத்தாகிய அலுமினியம் சிறிது கலந்திருத்தலே காரணம் என்று கருதினார். அக்கருத்துப் பிழைபட்டது. ஆயினும் அப்பிழையே ஒரு புதுவழியைத் திறந்தது. எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் முதலியவற்றைக் கலந்து பார்க்க இருவரும் புகுந்தனர். 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டனர். சில கலப்புகளில் சவரக்கத்தி அடித்து நண்பர்க்கும் அளித்தனர். ஸ்டோடார்ட் 1823-இல் இறந்ததும் வேலை நின்றது. அக்கலப்பெஃகுத் துண்டுகள் ஒரு பெட்டியில் கிடந்து, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் ஸர் ராபர்ட் ஹாட்பீல்டு என்பாரால் பகுத்தறியப்பட்டு 1931-இல் நூலாக வெளிவந்தன. இன்று உலகம் வழங்கும் கலப்பெஃகுகளின் ஆராய்ச்சி வரலாறு நம் உருக்குக் கட்டியைப் பிளந்ததினின்றே ஒரு கிளையாகப் புறப்பட்டது என்று துணிந்து கூறலாம். இம்மெய் இருக்க, மிகை எற்றுக்கு?

கரியே காரணம் என்பதைப் பாரிஸ் நாணயச்சாலையைச் சார்ந்த பிரேயான் என்பார் 1823-இல் எடுத்துரைத்தார். ருஷ்ய நாட்டு உரால் மலையிலுள்ள ஸ்லாட்டவுஸ்ட் நகரில் அனோஸொவ் என்பார் நெடுங்காலம் முயன்று பூவிழை படிந்த வாள்களை மீண்டும் செய்து 1841-இல் அம்முறையை வெளியிட்டார்.

ஹீத்தின் வரலாறு ஒரு சோகக் கதை. 1839-இல், மூசை எஃகில் மாங்கனீஸ் சேர்த்தால் அது நன்கு அடிபடும், எளிதிற் பற்றவைக்கவும் ஆகும் என்று கண்டு காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகுத் தொழிலே அதனால் பெரும்பொருள் ஈட்டியது. ஆனால் காப்புரிமை வாசகத்தில் ஒரு சொல்லின் இடைவெளியைப் பற்றிக்கொண்டு அவர்க்கு உரிய பொருளைக் கொடாது வழக்காடினர். வழக்கு முடியுமுன் அவர் இறந்தார். பின்னர் 1855-இல் பிரபுக்கள் சபையும் அவர் பக்கத்தார்க்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைபெறவில்லை. சேலத்தினின்று கல்லைக் கொணர்ந்து, காடுகளினின்று கரியைக் கொணர்ந்து நடத்திய அத்தொழில் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அடங்கியது.

அங்ஙனமாயின் நம்மவர் தொழில் அழிந்தது எதனால்? மறைபொருளைக் கவர்ந்ததனால் என்பது பொருந்தாது. கவர்வதற்கு ஒன்றும் மறைவாக வைக்கப்படவில்லை. பார்த்தவர் பார்த்தபடி எழுதினர். 1856-இல் பெஸ்ஸமர் என்பார் காற்றூதி எஃகு காய்ச்சும் முறையை வெளியிட்டபின் எஃகின் விலை எங்கும் வீழ்ந்தது. இரண்டரை மணி நேரம் ஊதி மூசைக்கு ஒன்றிரண்டு இராத்தல் எடுப்பவர், ஒரே ஊதலில் பல டன் எடுப்பவரோடு எங்ஙனம் போட்டியிடுவர்? கரிக்கு வேண்டிய காடு 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தால் அரசின் காவலுக்குட்பட்டது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் வாளுக்கு இருந்த தேவையும் சுருங்கியது. கப்பலில் வந்த எஃகுப் பட்டையை வாங்கி அடிப்பது, உலை மூட்டி உருக்குவதினும் மலிவாயிற்று. ஒருவரும் களவாடாமலே ஒரு தொழில் சாக முடியும் என்பதற்கு இது சான்று. இதனை ஒப்புக்கொள்ளுதல் களவுக் கதையினும் கசப்பானது. அதனாற்போலும் நம்மவர் களவுக் கதையை விரும்புகின்றனர்.

இனி, அவ்வுருக்கு இன்றைய எஃகினும் மேலானதா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அமெரிக்க நாட்டில் வெர்ஹோவன் என்னும் உலோகநூற் பேராசிரியரும், பெண்ட்ரே என்னும் கத்திக் கொல்லரும் பல்லாண்டு கூடி உழைத்தனர். குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழிலும் பின்னவர்க்கு உண்டு. பேராசிரியரும் கொல்லரும் ஒரே உலை முன் நின்றது நமக்கு ஒரு பாடம். பழைய வாளின் பூவிழை, கரியும் இரும்பும் சேர்ந்த கடினத் துகள்கள் வரிசைப்படுவதனால் வருவது என்றும், அவ்வாறு வரிசைப்படுத்துவது கல்லினுள் இயல்பாகவே கலந்திருந்த வனேடியம் போன்ற பொருள்களின் மிகச் சிறிய அளவே என்றும் 1998-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு ஒரு பங்கில் சில நூற்றிலொரு கூறு! அத்தகைய கல் தீர்ந்துபோனால், பழைய முறையை வழுவாது செய்தும் பழைய வாள் வாராது என்பது அவர்கள் கருத்து.

அவர்களே 2008-இல் இத்தகைய உருக்குக் கத்தியையும் இன்றைய எஃகுக் கத்திகளையும் பொறியில் வைத்து அறுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டனர். முழுக் கடினம் ஏற்றிய நிலையில், சவர அலகிற்கு வழங்கும் துருப்பிடியா எஃகு ஒன்றே முந்தியது. கடினம் குறைத்து மென்மையாக விட்ட நிலையிலோ பழைய உருக்கு நன்கு ஈடுகொடுத்தது. பழைய வாள்கள் பெரும்பாலும் மென்மையாகவே விடப்பட்டன ஆதலின், அக்கால நிலைக்கு அவ்வுருக்கு உண்மையாகவே உயர்ந்ததாயிருந்தது; ஆயினும் எக்காலத்தும் எல்லாவற்றினும் மேலானது என்னும் பேச்சு நில்லாது. தம் காலத்துக் கைக்கெட்டியவற்றுள் தலையாயதைச் செய்தனர் நம் முன்னோர் என்று சொன்னால் எவரும் மறுக்க முடியாது.

துருப்பிடியா எஃகைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகிய ஹாரி பிரியர்லி என்பார் 1913-இல் ஷெபீல்டு நகரில், துப்பாக்கிக் குழலின் தேய்வைக் குறைக்க முயலும்போது, நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த எஃகு துருவேறாமையைக் கண்டார். கத்திக்கு ஆகும் என்று கத்திக்காரரிடம் கொடுத்தார். அவர்கள் தம் வழக்கப்படி காய்ச்சித் தோய்த்தனர், கத்தி வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை எள்ளி நகையாடினர். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்னும் ஒருவரே மீண்டும் மீண்டும் முயன்று, பிரியர்லியையும் உடன்வைத்துக்கொண்டு, உரிய சூட்டைக் கண்டு வெற்றி பெற்றார். கரி எஃகைத் தோய்ப்பதற்கு மாங்கனிச் சிவப்பு போதும், ஏறத்தாழ 780 பாகை. குரோமிய எஃகிற்கோ 1000 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஊட்ஸில் சூடு மிகுந்து கெட்டது. இதில் சூடு குறைந்து கெட்டது. இருமுறையும் குற்றம் எஃகின்மேல் ஏற்றப்பட்டது, பிழைத்ததோ தீ.

இதனால் நம் வீட்டார் அறியவேண்டுவன சில. எவர்சில்வர் என்று நாம் வழங்கும் பாத்திரத் தகடு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது. அது தோய்ச்சலால் கடினம் ஏறாது. அதில் வெட்டிய கத்தி வெண்ணெய்க்கு ஆகும், வெண்டைக்காய்க்கு ஆகாது. உருக்குக்கு உரிய கல் கிடைத்த கஞ்சமலையை அடுத்துச் சேலம் உருக்காலை 1981 முதல் துருப்பிடியாத் தகடு செய்து வருகின்றது. அதனைப் பார்த்துவந்த எம் மாணாக்கர், அத்தகட்டில் வாள் செய்யலாமா என்று வினவினர். தகடு வேறு, வாய் பிடிக்கும் எஃகு வேறு என்று சொல்லி, இக்கணக்கையே அவர்க்கும் எழுதிக் காட்டினோம். பூவிழை படிந்து தமாஸ்கஸ் என்னும் பெயரால் இன்று விற்கும் கத்திகளிற் பெரும்பாலன, இருவகை எஃகுத் தகடுகளை மாறி மாறி அடுக்கிப் பற்றவைத்து அடித்தவை; மூசையில் பிறந்த உருக்கு அல்ல. அழகுக்காக வாங்குவோர் வாங்குக; முன்னோர் உருக்கு என்று நம்பி மிகை விலை கொடுத்தல் வேண்டா.

புளியும் எலுமிச்சையும் நாளெல்லாம் படும் அடுக்களையில், கடினம் ஏறும் வகைத் துருப்பிடியாக் கத்தி தக்கது. ஆனால் அது ஆலையிலேயே தோய்ச்சல் பெற்று வரவேண்டும், ஊர்ப் பட்டடையில் அதற்கு உரிய சூடு நிலைத்து நிறுத்தல் அரிது. தேங்காய் உடைக்கும் கத்திக்கும், கதிர் அறுக்கும் அரிவாளுக்கும், மரம் வெட்டும் வெட்டரிவாளுக்கும், பாரவண்டியின் பழைய வில்பட்டையை விட எளிதாகக் கிடைக்கும் நல்ல எஃகு வேறில்லை. அதில் கரி அரைப்பங்குக்குச் சற்றே மிகுதி, தெறிக்காது, இழந்த கூரைக் கல்லில் இரண்டு இழுப்பில் மீட்டுக்கொள்ளலாம். திருப்பாச்சேத்தி அரிவாள் அடிப்போர் முதலிய நம் தொழிலாளர் அதனைத் தேர்ந்தெடுத்தது ஏழ்மையினால் மட்டும் என்று எண்ணுதல் தவறு. மெல்லிய பேனாக்கத்திக்கும் தச்சர் உளிக்கும் கரி மிகுந்த எஃகு வேண்டும். பழைய அரத்தை மெதுவாகக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டு அடித்தால் அது கிடைக்கும்.

எதுவாயினும் தோய்த்தபின் இளஞ்சூடு காட்டி இறக்கவேண்டும். தேய்த்து வெளுப்பாக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றும்போது நிறுத்தினால் சவரக்கத்திக்கும் பேனாக்கத்திக்கும் ஆகும். அது பழுத்துக் கபில நிறமாகி ஊதா தொடும்போது நிறுத்தினால் அரிவாளுக்கும் கோடரிக்கும் ஆகும். நீலம் பரவிவிட்டால் வில்லுக்கே ஆகும், மீண்டும் காய்ச்சித் தோய்த்தல் வேண்டும். கரி எஃகுக் கத்தியைப் பயன்படுத்தியவுடன் கழுவித் துடைத்து, சிறிது நல்லெண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில் வைக்க. புளித்தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் துருவைக் கண்டு கொல்லரை நோவது முறையன்று.